கூட்டாளியும் கதைசொல்லியும்: நம்பிக்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிநேகிதத்துக்குள் காசு, இரகசியம், காணி என்று ஏதோ ஒன்று புகுந்து முழிக்கிறவர்களுக்கும், சிநேகிதம் முறிகிறதை வைத்துக் கதை எழுதப் பார்க்கிறவர்களுக்கும் சேர்த்து இந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறோம். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பக்கம் ஏன் என்று கேட்கலாம். கூட்டாளி விட்ட பிழையை மனிதர் பொறுத்துவிடுவார்கள், அவன் அதை மூடி மறைத்ததைத்தான் பொறுக்கமாட்டார்கள். கதை வாசிக்கிறவரும் அப்படித்தான். பாத்திரம் பொய் சொன்னால் ரசிப்பார், எழுதினவர் ஒளித்து விளையாடினால் புத்தகத்தை மூடிவிடுவார்.

ஒருத்தர் மேல நம்பிக்கை எதிலயிருந்து தொடங்குது?

காப்பாற்றப்பட்ட சின்னச் சொல்லிலிருந்து. "நாலு மணிக்கு முனியப்பர் கோயிலடிக்கு வாறன்" என்றவர் நாலு மணிக்கு வந்தால் ஒன்று சேர்ந்தது. மூன்றேமுக்காலுக்கே "அரை மணித்தியாலம் பிந்தும்" என்று சொல்லிவிட்டு நாலரைக்கு வந்தாலும் ஒன்றும் குறையவில்லை. நாலரைக்கு வந்து, போன கிழமை காத்துப்போன அதே ரயரை மறுபடியும் காட்டினால் குறைகிறது.

நம்பிக்கை துறைக்குத் துறை வேறு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காசில் சதம் பிசகாதவர் வாயில் ஒரு கதையும் நிற்காதவராக இருக்கலாம். ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க நின்று பார்த்தவரே வாங்கின கைமாத்தைத் திருப்பித் தர ஒரு வருசம் இழுக்கலாம். ஒன்றில் நல்லவர் என்பதால் எல்லாவற்றையும் கொண்டுபோய் அவர் தலையில் கட்டினால் பிழை முழுவதும் அவருடையது அல்ல. எங்களிடம் வருகிற சச்சரவுகளில் கணிசமானவை இப்படித்தான் தொடங்கியிருக்கின்றன.

நெருங்கிய கூட்டாளி ஆகிறதுக்கு எவ்வளவு காலம் வேணும்?

அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018 இல் வெளியிட்ட ஆய்வு இதை மணித்தியாலத்தில் சொல்கிறது. அறிமுகம் சாதாரணச் சிநேகிதமாகச் சுமார் 50 மணித்தியாலம், சிநேகிதன் என்று சொல்லச் சுமார் 90, நெருங்கிய சிநேகிதனாக 200க்கு மேல். கிழமைக்கு 3 மணித்தியாலம் சந்திக்கிற இருவருக்கு 200 என்பது ஏறக்குறைய ஒன்றேகால் வருசம். ஒரே வேலையிடத்தில் கழிகிற நேரத்துக்கு அவ்வளவு பெறுமதி இல்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு. எங்கள் யாழ்ப்பாணக் கணக்கில் சொன்னால், ரியூசன் வாங்கில் பக்கத்தில் இருந்த இரண்டு மணித்தியாலத்தைவிட, வகுப்பு முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டே கதைத்துப் போன அரை மணித்தியாலத்துக்குக் கனம் கூட.

ஆனால் மணித்தியாலம் தருவது நெருக்கத்தை மட்டும். மற்றவர் நினைத்தால் உங்களுக்கு நட்டம் வைக்கலாம் என்ற ஒரு சந்தர்ப்பம் வந்து, அவர் வைக்காமல் விட்ட பிறகுதான் நம்பிக்கை என்ற பேச்சு. அப்படியொன்று வராமலே இருபது வருசம் ஓடின சிநேகிதங்களும் இருக்கின்றன.

அப்ப கூட்டாளியைச் சோதிச்சுப் பார்க்கலாமோ?

வேண்டாம். பொய்யான இரகசியம் ஒன்றைச் சொல்லிவிட்டு அது எங்கே போய் முளைக்கிறது என்று காத்திருப்பது சிலருடைய பழக்கம். அவர் தேறினாலும், நீங்கள் சோதித்தது ஒருநாள் தெரியவரும். அன்றைக்கு ஒளித்தவர் நீங்கள்.

"தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்" என்பது 510ஆவது குறள். ஆராயாமல் நம்புவதும், நம்பின பிறகு சந்தேகப்படுவதும் தீராத துன்பம் தரும் என்கிறது. ஆராய்கிற வேலை முதலில் முடிய வேண்டும், அதுவும் பொறி வைத்து அல்ல. சின்னப் பொறுப்பு ஒன்றை வெளிப்படையாகக் கொடுங்கள். இரவல் கொடுத்த புத்தகம் எந்த நிலையில் திரும்பி வருகிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

கைமாத்துக் கேட்டால் குடுக்கலாமோ, எப்பிடிக் குடுக்கிறது?

திரும்பி வராவிட்டாலும் உங்கள் மாதச் செலவு இடறாத தொகை என்றால் கொடுங்கள். 1 இலட்சம் கேட்டவருக்கு "25,000 தான் ஏலும்" என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டுக்காரியின் சங்கிலியை அடகு வைத்து மட்டும் கொடுக்காதீர்கள். அடகு வட்டி ஓடத் தொடங்கும், இரண்டு இடத்து நம்பிக்கை ஒரே கயிற்றில் தொங்கும், கூட்டாளி பிந்தினால் வீட்டிலும் நீங்கள்தான் பொய் சொல்ல வேண்டிவரும்.

கொடுக்கிற அன்றே வாங்குகிறவரைக் கொண்டு ஒரு செய்தி எழுதுவியுங்கள். "இண்டைக்கு உம்மட்டை 40,000 வாங்கினன். தைப்பொங்கலுக்கு முதல் 20,000, சித்திரை வருசத்துக்கு முதல் மிச்சம்" என்றால் போதும். வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி. கொடுத்தவர் எழுதினால் அது கணக்கு, வாங்கினவர் எழுதினால் வாக்கு. "எங்களுக்குள்ள எழுத்து ஏன்" என்று முகம் சுளித்தால், "மறதிக்காரன் நான்தான்" என்று சொல்லி எழுதுவியுங்கள். சட்டத்திலும் இது பெரிய வித்தியாசம். இலங்கையில் எழுத்தில்லாத கடனுக்கு வழக்குப் போடும் காலம் பொதுவாக 3 வருடம், எழுத்தில் கொடுத்த வாக்குக்கு 6 வருடம். 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளது.

தவணை தப்பினால் ஒரு கிழமைக்குள் நீங்களே நேரில் கேளுங்கள். அவருடைய தாயிடமோ, மூன்றாவது கூட்டாளியிடமோ சொல்லி அனுப்பாதீர்கள், அதோடு கடன் ஊர்க்கதையாகிவிடும். வாங்கினவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தவணைக்கு முதல்நாள் போய் "முழுசா ஏலாது, இந்தா 5,000" என்று வைத்துவிட்டு வாருங்கள். அநேகமானோர் செய்வது இதற்கு நேர்மாறு. சந்தியால் போகிறவர் ஒழுங்கையால் போகத் தொடங்குவார், போனை எடுக்கமாட்டார், வெள்ளிக்கிழமைக் கோயிலையும் மாற்றிவிடுவார். கொடுத்தவருடைய கோபத்தில் கால்பங்குதான் காசுக்கு. மிச்சம் அந்த ஒழுங்கைக்கு.

சிநேகிதர் சேர்ந்து சீட்டுக் கட்டினால் எங்க பிழைக்குது?

நடுவில். 10 பேர், மாதம் 10,000, 10 மாதம் என்று வைப்போம். முதல் மாதம் எடுத்தவர் தான் கட்டிய 10,000 உட்பட 1,00,000 வாங்கிவிட்டார். மிச்சம் 9 மாதமும் அவர் கட்டப்போகிற 90,000 மற்றவர்களுடைய காசு. கடைசி மாதக்காரரோ அதுவரை எல்லாருக்கும் கடன் கொடுத்தவர். எல்லாரும் சமம் போலத் தெரிந்தாலும் பாதிப்பேர் கடனாளி, பாதிப்பேர் கடன் கொடுத்தவர். ஏலம் கூறும் சீட்டில் இது இன்னும் கூர்மையாகும். 15,000 கழிவு விட்டு எடுக்கிறவர் கையில் 85,000 தான் கிடைக்கும், மற்றவர்களுக்கு அந்த மாதக் கட்டுக்காசு 8,500 ஆகக் குறையும். குறைவாகக் கட்டுகிறோமே என்று எல்லாருக்கும் சந்தோசம். ஆனால் பெரிய கழிவு விட்டாவது முதல் மாதமே எடுக்கத் துடிக்கிறவருக்கு என்ன அந்தரம் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேளுங்கள்.

சீட்டு முறிகிற விதத்தைப் பார்த்தால் அநேகமாக ஒரே ஒழுங்கு. ஐந்தாம் ஆறாம் மாதத்தில், முன்னமே எடுத்த ஒருத்தர் கட்டவில்லை. சீட்டைப் பிடிக்கிறவர் நல்ல மனுசி, ஆட்களுக்குச் சொன்னால் கலவரம் என்று தன் கைக்காசைப் போட்டு மூடுகிறார். அடுத்த மாதம், தான் பிடிக்கிற மற்றச் சீட்டிலிருந்து எடுத்து மூடுகிறார். மூன்றாம் மாதம் இரண்டு சீட்டும் படுக்கின்றன. முதல் மாதமே வாய் திறந்திருந்தால் மற்ற ஒன்பது பேரும் ஆளுக்கு 1,000க்குச் சற்றுக் கூடப் போட்டு அடைத்திருக்கலாம். அதனால் கட்டுகிற நாளே கொப்பிப் பக்கத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும், ஒருத்தர் தவறினால் அன்றைக்கே எல்லாருக்கும் தெரிய வேண்டும். புதிதாகச் சேர்கிறவருக்குப் பிற்பாதி மாதம் கொடுங்கள். இதற்கு ஒத்துவராத சீட்டில் சேராதீர்கள், பிடிக்கிறவர் சொந்த மாமியாக இருந்தாலும்.

சொன்ன இரகசியம் எப்பிடி வெளியில போகுது? ஆருக்கும் சொல்லேல்லை எண்டுதானே எல்லாரும் சத்தியம் பண்ணுகினம்.

அநேகமாக உண்மையைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லவில்லை, ஆலோசனை கேட்டார்கள். "ஒரு ஆளுக்கு இப்பிடி ஒரு பிரச்சினை" என்று பெயர் சொல்லாமல் மனுசியிடம் கேட்டால், அந்த ஆள் எந்த ஊர் என்று மனுசிக்கு இரண்டு நிமிசத்தில் தெரிந்துவிடும். யாழ்ப்பாணத்தில் பெயரை மறைத்துப் பயனில்லை, ஊரும் பள்ளிக்கூடமும் வந்தாலே ஆளைப் பிடித்துவிடுவார்கள். இன்னொரு வழி மௌனம். மற்ற நாளெல்லாம் வாய் ஓயாதவர், குறிப்பிட்ட ஒரு பெயர் வந்ததும் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தால், விடுப்புக் கேட்க வந்தவருக்கு அது போதும். அதுபோக, செய்தியைப் படம் பிடித்து அனுப்பும் பழக்கம் வந்த பிறகு எழுதின எதையும் இரகசியம் என்று எண்ண முடியாது.

கேட்கிறவர் செய்யக்கூடிய நல்ல காரியம், கதை தொடங்கும்போதே "இது வேற ஆருக்குத் தெரியும்? வீட்டில சொல்லலாமோ?" என்று கேட்டுவிடுவது. வாழ்க்கைத் துணையிடம் ஒன்றையும் மறைக்கமாட்டேன் என்கிறவர் அதை அப்போதே சொல்லிவிட வேண்டும். பிறகு யாராவது தூண்டில் போட்டால் "எனக்குத் தெரியாது" என்ற பொய்யைவிட "அது அவரைக் கேளுங்கோ" பாதுகாப்பானது. எல்லா விசயத்துக்கும் அந்த ஒரே பதிலைச் சொல்லிப் பழகினால்தான் அது வேலைசெய்யும். ஒரு விசயத்துக்கு மட்டும் சொன்னால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

வெளிநாட்டிலயிருக்கிற சிநேகிதன் தன்ரை காணியைப் பார்க்கச் சொல்லுறான். ஓம் எண்டலாமோ?

சொல்லலாம், வாய்ப்பேச்சில் மட்டும் வேண்டாம். சிநேகிதங்களை அடியோடு முடிக்கிற விசயம் எங்கள் பக்கம் இதுதான் என்பதால் சற்று விரிவாக.

அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு எழுத்தில் கொடுக்கும் அதிகாரம்) கொடுப்பவர் எல்லா அதிகாரமும் அடங்கிய பொதுத் தத்துவத்தைத் தவிர்த்து, குறித்த வேலைக்கு மட்டும் எழுதட்டும். எந்தக் காணி, எந்த உறுதி இலக்கம், எத்தனை பரப்பு, என்ன செய்யலாம் (துப்புரவாக்கல், வேலி அடைத்தல், வாடகைக்குக் கொடுத்தல்), என்ன செய்யக்கூடாது (விற்றல், ஈடு வைத்தல்), எந்தத் திகதி வரை என்பவை அதில் இருக்க வேண்டும். வாங்குகிறவருக்கும் இது நல்லதுதான். அதிகாரம் குறைவாக இருந்தால் பின்னால் பழியும் குறைவு. இலங்கையில் காணி கைமாற நொத்தாரிசுவுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் எழுதின உறுதி வேண்டும். அதனால் "அவன் எனக்குத்தான் எண்டு சொன்னவன்" என்ற பேச்சை வைத்து ஒன்றும் செய்ய ஏலாது. தத்துவத்தை இரத்துச் செய்தால் வைத்திருப்பவருக்கும், பதிந்த இடத்துக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். சண்டை வந்து போனில் கத்திவிட்டு, இரத்தாகிவிட்டது என்று நினைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

காணியில் யாரையாவது குடியிருத்தினால் "உரிமையாளரின் அனுமதியோடு இருக்கிறேன்" என்று ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். உரிமையாளரை ஏற்காமல் 10 வருடம் தடையின்றி ஆண்டவர் அந்தக் காணிக்கு உரிமை கோரச் சட்டத்தில் இடமுண்டு. அனுமதியோடு வந்தவர் என்று எழுத்தில் இருந்தால் அப்படிக் கோருவது கடினம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான்கு மூலையையும் கிணற்றடியையும் படம் எடுத்து அனுப்புங்கள், வேலிக்கூலிச் சிட்டையோடு. தேங்காயோ மாங்காயோ பறித்தால் அதையும் எழுதுங்கள். "ரெண்டு தேங்காய்க்கும் கணக்கோ" என்று அவர் சிரிப்பார், சிரிக்கட்டும். எல்லைக் கதியாலை அயலவர் அரை அடி தள்ளி நட்டுவிட்டார் என்றால் தெரிந்த அன்றே சொல்லிவிடுங்கள், சரிப்படுத்தின பிறகு சொல்லலாம் என்று காத்திருக்க வேண்டாம். சீட்டில் பார்த்த அதே வியாதிதான்: நல்லெண்ணத்தில் மூடினது நாள் போகக் கள்ளத்தனமாகத் தெரியும்.

பிழை என்னிலதான். மன்னிப்பு எப்பிடிக் கேட்கிறது?

நேரில், தனியாக, செய்ததைப் பெயர் சொல்லி. "ஏதும் பிழை விட்டிருந்தால் மன்னிச்சுக்கொள்" என்பது மன்னிப்பில் சேராது. "நீ சொன்ன விசயத்தை நான்தான் உன்ரை அண்ணைக்குச் சொன்னனான்" என்றுதான் தொடங்க வேண்டும். அடுத்த வசனம் "ஆனால்" என்று வரப் பார்க்கும், அதை விழுங்கிவிடுங்கள். விளக்கத்தை மற்றவர் கேட்டால் சொல்லலாம். அவருக்கு இன்னும் தெரியாத பகுதி ஏதும் இருந்தால் அதையும் அன்றே சொல்லுங்கள். தவணை முறையில் வெளிவருகிற உண்மை ஒவ்வொரு தவணையிலும் புதிதாக ஒன்றை உடைக்கும்.

பிறகு பெரிய வாக்குறுதி ஒன்றும் கொடுக்காதீர்கள். காசில் உடைந்ததை இரகசியம் காத்து ஒட்ட முடியாது. காசில்தான், சின்னத் தொகையில், சொன்ன திகதியில். பழைய நிலைக்கு வருமா என்பதை அவர்தான் தீர்மானிப்பார், அவருக்கு மாதங்கள் எடுக்கலாம். நடுவில் ஆள் அனுப்பி அவசரப்படுத்தினால் அவர் மனம் இறுகிவிடும்.

கதைபேச்சில்லை. அவையின்ரை வீட்டுச் செத்தவீட்டுக்குப் போகலாமோ?

போங்கள். நன்மைக்குப் போகாமல் விட்டால் கோபம் என்பார்கள், தின்மைக்கும் போகாவிட்டால் பகை என்பார்கள். வெள்ளனப் போய், வேலையில் கை கொடுத்து, பழைய கதையை எடுக்காமல் வாருங்கள். அங்கே தலையசைத்துவிட்டார் என்பதற்காக எல்லாம் தீர்ந்ததாக நினைத்து அடுத்த நாளே போன் எடுக்காதீர்கள். அந்தியேட்டிக் கிரியை (முப்பத்தோராம் நாள்) கழியட்டும்.

கூட்டாளிக்கு நடந்ததை வைச்சுச் சிறுகதை எழுதலாமோ?

அவரைக் கேட்டுவிட்டு எழுதலாம். கேட்க முடியாத இடத்தில் பெயரை மாற்றிவிட்டேன் என்ற சமாதானம் எடுபடாது. ஊர், படித்த பள்ளிக்கூடம், தொழில், சகோதரர் எண்ணிக்கை, சம்பவம் நடந்த வருசம் ஆகிய ஐந்தில் மூன்றையாவது மாற்றுங்கள். சாவகச்சேரி மருந்துக்கடைக்காரரைப் பருத்தித்துறை மருந்துக்கடைக்காரராக்கினால் வாசகர் இரண்டு பேரைச் சந்தேகிப்பார், அதில் ஒருவர் ஒரு பாவமும் அறியாதவர். அதோடு, அவர் உங்களிடம் மட்டும் சொன்ன ஒரு வசனம் இருக்கும். கதையிலேயே மிக நல்ல வசனம் அதுவாகத்தான் இருக்கும். அதை வெட்டுங்கள். அதை வாசித்ததும் அவருக்குத் தெரிந்துவிடும்.

வாசகர் கதைசொல்லியை ஏன் நம்புகிறார்?

தனக்குத் தெரிந்த சின்ன விசயத்தில் எழுத்தாளர் பிழை விடவில்லை என்பதால், தெரியாத பெரிய விசயத்திலும் நம்புகிறார். யாழ்ப்பாணக் கதையில் இரண்டு கூட்டாளிகள் ஆற்றங்கரையில் இருந்து மனம் விட்டுக் கதைத்தால் அங்கேயே முடிந்தது. குடாநாட்டில் மழைக்கு மட்டும் ஓடுகிற வழுக்கியாறு தவிர ஆறு ஏது? குளத்தடியிலோ கடற்கரையிலோ மதகிலோ இருத்துங்கள். 1998 இல் யாழ்ப்பாணம் ரயில் நிலையத்தில் கூட்டாளியை வழியனுப்ப முடியாது. 1990 இல் நின்ற யாழ்தேவி 2014 ஒக்ரோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. 1993 இல் கூட்டாளி கடிதம் எழுதுகிற மேசைக்கு மேலே மின்குமிழ் எரிந்தால், அந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று கதை சொல்ல வேண்டும். பாட்டுக் கேட்பதற்குச் சைக்கிள் டைனமோவைச் சுற்றின காலம் அது. தைமாதத்தில் பனம்பழம் விழுத்துகிறவரையும், நல்லூர்த் திருவிழாவை 10 நாளில் முடிக்கிறவரையும் (25 நாள்) எங்கள் வாசகர் மன்னிக்கமாட்டார்.

இதற்காகத் தகவலை அள்ளிக் கொட்ட வேண்டியதில்லை. முதல் இரண்டு பக்கத்துக்குள், தெரிந்தவருக்கு மட்டும் தெரிகிற சரியான விபரம் இரண்டு மூன்று போதும்.

கதைசொல்லியே பொய் சொல்லலாமோ?

"நான்" என்று கதை சொல்கிற பாத்திரம் பொய் சொல்லலாம், தன்னையே ஏமாற்றிக்கொள்ளலாம். செய்யக்கூடாதது ஒன்று உண்டு. ஒரு பாத்திரத்தின் மனதுக்குள் வாசகரைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே இருக்கிற எல்லாவற்றையும் காட்டிவிட்டு, அவர் அந்தக் கணத்தில் நிச்சயம் நினைத்திருக்கக்கூடிய முக்கியமான ஒன்றை மட்டும் முடிவுக்காகப் பதுக்குவது. மறைக்க வேண்டுமென்றால் அந்த மனதுக்குள் போகாதீர்கள், வெளியில் நின்று கையையும் வாயையும் மட்டும் காட்டுங்கள்.

3,000 சொல் கதைக்கு மூன்று தடயம் அளவானது. முதலாவது முதல் 500 சொல்லுக்குள், வேறொரு காரணத்துக்காகச் சொன்னது போல வரட்டும். இரண்டாவது நடுவில், பாத்திரமே அதைப் பிழையாக விளங்கிக்கொள்ளட்டும். மூன்றாவது வெளிப்படுவதற்குச் சற்று முன், இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். பிறகு இரண்டு பேரிடம் வாசிக்கக் கொடுத்து, எந்த இடத்தில் சந்தேகம் வந்தது என்று கோடு போடச் சொல்லுங்கள். இருவரும் பாதிக்கு முதலே போட்டால் ஒரு தடயத்தை எடுங்கள். முடிவை வாசித்த பிறகும் "இது எங்கயிருந்து வந்தது?" என்று கேட்டால் இரண்டாவது தடயத்தைத் தடிப்பாக்குங்கள். எங்கள் அனுபவத்தில் பிழைப்பது எப்போதும் இரண்டாவதுதான்.

துரோகம் தெரியவாற காட்சியை எழுதினால் நாடகத்தனமாகுது. என்ன செய்ய?

கண்டுபிடிப்பை ஒரு பொருளிடமும், கோபத்தை வாசகரிடமும் விடுங்கள். பலவீனமான வடிவம் இப்படி இருக்கும்:

"தவம் தன்னை ஏமாற்றிவிட்டான் என்று கணேசுக்கு உறைத்தது. அவன் நெஞ்சு வெடித்தது. இத்தனை வருட நட்பா இப்படி!"

அதே இடத்தை இப்படியும் எழுதலாம்:

"'சீட்டுக் காசு இன்னும் வரேல்லையடா' எண்டான் தவம். மேசையில் கொப்பி திறந்து கிடந்தது. கணேசின் பேருக்கு நேரே சரி போட்டு, திகதியும் போட்டிருந்தது. 'பரவாயில்லை, அவசரமில்லை' எண்டான் கணேசு. தவம் தேத்தண்ணி போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தான்."

இரண்டாவது வேலைசெய்வதற்குக் காரணம் யாருக்கு என்ன தெரியும் என்பது. தன் காசு வந்து எடுபட்டுவிட்டது என்று கணேசுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும் என்பது தவத்துக்குத் தெரியாது, வாசகருக்கு இரண்டும் தெரியும். எழுத முதல் ஒரு தாளில் மூன்று நிரல் கீறி, ஒவ்வொரு காட்சிக்கும் அவன் அறிந்தது, இவன் அறிந்தது, வாசகர் அறிந்தது என்று நிரப்புங்கள். மூன்று நிரலும் ஒன்றாக இருக்கிற காட்சியில் இழுவிசை இருக்காது, அதைச் சுருக்கலாம். தவத்துக்கு நியாயமும் கொடுங்கள். காசை அவன் குடித்துத் தீர்த்திருந்தால் கதை சின்னது. தங்கச்சியின் அட்வான்சுக்குக் கட்டியிருந்து, அதைக் கேட்டிருந்தால் கணேசு தந்தேயிருப்பான் என்றால் கதை பெரிது.

நம்பிக்கையை, அந்தச் சொல்லையே போடாமல் காட்டுறது எப்பிடி?

வில்லிபாரதத்தில் ஒரு இடம் இருக்கிறது. துரியோதனன் மனைவியின் மேகலை மணிகள் அறுந்து சிதறின நேரம், தனியிடத்தில் அவளோடு இருந்த கர்ணன் திகைத்து நிற்க, உள்ளே வந்த துரியோதனன் கேட்டது "எடுக்கவோ கோக்கவோ" என்று மட்டும். சந்தேகப்பட எல்லா நியாயமும் இருக்கிற இடத்தில், ஆள் சின்னதாக வேறொன்றைக் கேட்கிறான். நம்புகிறேன் என்று அவன் சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டுத் தேறினான் என்றாகியிருக்கும். இன்னொரு நுட்பமும் கவனிக்க வேண்டும். இந்தச் சம்பவம் நடக்கும்போது எங்களுக்குக் காட்டப்படுவதில்லை. கட்சி மாறச் சொல்லி அழைப்பு வருகிற பின்னாளில், ஏன் மாறமாட்டேன் என்பதற்குக் காரணமாகக் கர்ணனே சொல்கிறான். நம்பிக்கைக்கு விலை கொடுக்க வேண்டிய நேரத்தில் வைத்துச் சொல்வதால்தான் இரண்டு சொல்லுக்கு அவ்வளவு கனம். உங்கள் கதையிலும் பழைய நல்ல சம்பவத்தைத் தொடக்கத்தில் செலவழித்துவிடாமல், அதனால் யாராவது எதையாவது இழக்கிற இடம் வரும்வரை வைத்திருங்கள்.

போர்க்காலத்தில் காட்டிக்கொடுத்ததை எழுதலாமோ?

எழுதப்பட வேண்டியதுதான். இராணுவச் சுற்றிவளைப்புகளில் முகத்தை மூடிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டி ஆளைக் காட்டிக்கொடுத்த தலையாட்டியை எங்கள் ஆட்கள் மறக்கவில்லை. ஆனால் அந்த முகமூடிக்குள் யார் என்று தெரிந்ததாகக் கதை சாதித்தால், ஊரில் யாரோ ஒரு உயிரோடுள்ள மனிதர்மேல் அது போய் ஒட்டும். முகமூடிக்கு முன்னால் வரிசையில் நிற்கிறவருடைய கண்ணால் எழுதுவது உண்மைக்கும் கிட்ட, கலைக்கும் நல்லது. அவருக்குத் தெரிவது இரண்டு கண்துளை மட்டும்தான். தெரிந்தவராக இருக்குமோ என்று அவர் ஒவ்வொரு கூட்டாளியாக மனதுக்குள் எண்ணிப் பார்ப்பதே முழுக் கதையாகலாம்.

முடிவில் ரெண்டு பேரும் சேர வேணுமோ?

வேண்டியதில்லை. சேர்த்தாலும் கட்டிப்பிடிக்க வைக்காதீர்கள். எந்தத் துறையில் உடைந்ததோ அந்தத் துறையில் ஒரு சின்னக் கொடுக்கல்வாங்கல் நடக்கட்டும். சீட்டில் முறிந்தவர்கள் என்றால், கணேசு 500 ரூபா கேட்கட்டும், தவம் எடுத்துக் கொடுக்கட்டும், கொப்பியில் எழுதட்டும். அதற்குப் பிறகு நீங்கள் எழுதியிருக்கிற பந்தியை எடுத்துவிடுங்கள்.